கான்டேயைக் காட்டிப் பேசும் மகனுக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: நாங்கள் இருபது வருடங்களாகப் பாரிஸ் புறநகரொன்றில் வசிக்கிறோம். மூத்த மகனுக்கு 15 வயது. ஒன்பது வயதிலிருந்து எங்கள் ஊர்க் கழகத்தில் உதைபந்தாட்டம் ஆடுகிறான், மத்தியகள வீரன். இந்த வருடம் ஒரு பெரிய கழகத்தின் பயிற்சி நிலையம் நடத்திய தெரிவில் கடைசிச் சுற்று வரை போனான். ஆட்டம் நன்றாக இருக்கிறது, உயரம் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அவனுக்குப் படிப்பில் மனமில்லை. கேட்டால், "கான்டேயையும் இப்படித்தான் கழித்தார்கள், அவர் உலகக்கிண்ணம் வெல்லவில்லையா?" என்கிறான். அவனுடைய அப்பா விளையாட்டை அடியோடு நிறுத்தச் சொல்கிறார். இதற்கிடையில் தெரிந்தவர் மூலம் வந்த ஒருவர், 3,000 யூரோ கொடுத்தால் பெல்ஜியத்தில் ஒரு கழகத்தின் தெரிவுக்கு ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறார். நான் யார் பக்கம் நிற்பது?
– ஒரு தாய், பாரிஸ் புறநகர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த 3,000 யூரோவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவற்றை ஆறுதலாகப் பேசலாம். கொடுக்காதீர்கள். பதினெட்டு வயது நிரம்பாத விளையாட்டு வீரர் ஒருவரின் ஒப்பந்தத்துக்காக எந்த முகவரும் ஊதியம் பெறக் கூடாது என்பது பிரெஞ்சு விளையாட்டுச் சட்டம். ஒரு பிள்ளையை உண்மையாகவே விரும்பும் கழகம், அந்தப் பிள்ளை ஆடும் ஊர்க் கழகத்தோடும் பெற்றோரோடும் நேரடியாகப் பேசும். நடுவில் ஒருவரை நிறுத்திப் பெற்றோரின் சேமிப்பைக் கேட்காது. பிள்ளை மனமுடைந்திருக்கும் வேளை பார்த்து வந்திருப்பவரிடம் நீங்கள் ஒரு யூரோவும் ஒப்படைக்க வேண்டியதில்லை.

இனிக் கான்டேக்கு வருகிறேன். உங்கள் மகன் தவறான மனிதரைக் காட்டவில்லை. பிரான்ஸ் தந்த மத்தியகள வீரர்களில் என் மனத்துக்கு மிக நெருக்கமானவர் அவர்தான். ஆனால் உங்கள் மகன் அந்த வாழ்க்கையின் இரண்டு முனைகளை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறான்: சிறு வயதில் கழிக்கப்பட்டார், பிறகு உலகக்கிண்ணம் வென்றார். இரண்டுக்கும் நடுவில் பத்து வருடங்களுக்கு மேல் கிடக்கின்றன. அந்த வருடங்களில் கான்டே என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை போலும். உங்கள் வீட்டில் நடக்கும் வாக்குவாதத்துக்கான விடை அங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புவதால், அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இதை மகனுக்கும் வாசித்துக் காட்டுங்கள், அவன் அப்பாவுக்கும்தான்.

என்கோலோ கான்டே 1991 மார்ச் 29ஆம் திகதி பாரிஸில் பிறந்தார். பெற்றோர் 1980 இல் மாலி நாட்டிலிருந்து வந்தவர்கள். பாரிஸுக்கு மேற்கேயுள்ள ருஎய் மல்மேசோனில் வளர்ந்தார். அவருக்குப் பதினொரு வயதாகும்போது தந்தை இறந்துவிட, துப்புரவு வேலை செய்த தாய்தான் பிள்ளைகளை ஆளாக்கினார். எட்டு வயதளவில் பக்கத்து நகரமான சுரேனின் சிறு கழகத்தில் சேர்ந்தவர், பத்தொன்பது வயது வரை அங்கேயே ஆடினார். பத்தொன்பது வயது வரை என்பதை மகன் கவனிக்க வேண்டும். பிரான்ஸில் இருக்கும் முறை உங்களுக்குத் தெரியும்: பதின்மூன்று வயதில் கிளேர்ஃபோன்தேன் போன்ற நிலையங்கள் பிள்ளைகளைத் தெரிந்தெடுக்கும்; பதினைந்து, பதினாறு வயதில் தொழில்முறைக் கழகங்களின் பயிற்சி நிலையங்கள் அள்ளிக்கொண்டு போகும். அந்த வலைகள் ஒன்றிலும் கான்டே அகப்படவில்லை. பல இடங்களில் முயன்றார். பெரும்பாலும் உயரம்தான் குறையாகச் சொல்லப்பட்டது. வளர்ந்து முடிந்த பிறகும் அவருடைய உயரம் ஏறத்தாழ 1.68 மீற்றர்தான்.

இதில் அவருக்கு மட்டும் அநியாயம் நடந்ததாக நினைக்க வேண்டாம். அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பயிற்சி நிலையங்கள் பெரிய உடம்பும் வேகமும் உள்ள பிள்ளைகளை அதிகம் நாடின என்ற குறை பிரான்ஸ் உதைபந்தாட்ட உலகுக்குள்ளேயே எழுந்தது. அந்துவான் கிரீஸ்மனைப் பல பிரெஞ்சுக் கழகங்கள் சிறிய பையன் என்று தள்ளியதால், அவர் பதினான்கு வயதில் ஸ்பெயினின் ரியல் சொசியெடாட் கழகத்துக்குப் போக வேண்டியிருந்தது. மத்தியகள வீரர் மத்தியூ வல்புவேனாவைப் பொர்தோ கழகத்தின் பயிற்சி நிலையம் வெளியே அனுப்பியது. அவர் ஒரு விளையாட்டுப் பொருள் கடையில் வேலை செய்துகொண்டே கீழ்ப்பிரிவுக் கழகங்களில் ஆடி, 2006 இல் மார்செய் கழகத்துக்கு வந்து, பின்னர் 2010, 2014 உலகக்கிண்ணங்களில் பிரான்ஸுக்காக ஆடினார். ஆகவே உங்கள் மகனிடம் சொல்லப்பட்டது புதிதுமல்ல, அவனுடைய ஆட்டத்தைப் பற்றிய தீர்ப்புமல்ல. பதினைந்து வயதில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், இன்னொருவனுக்குக் குரலே உடைந்திருக்காது. அந்த வயதில் அளவுநாடா பிடிப்பவர்கள் அன்றைய உடம்பைத்தான் அளக்கிறார்கள்.

சுரேனில் அவருக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் சொல்லும் ஒரு கதை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு கோடை விடுமுறைக்கு முன், பந்தைக் கீழே விடாமல் இடக்காலால் 50 தடவை, வலக்காலால் 50 தடவை, தலையால் 50 தடவை தட்டப் பழகி வா என்று பயிற்றுவிப்பாளர் ஒருவர் சிறுவன் கான்டேயிடம் பாதி விளையாட்டாகச் சொன்னாராம். இரண்டு மாதம் கழித்து வந்தவன் மூன்றையும் செய்து காட்டினானாம். யாரும் கண்காணிக்காத இரண்டு மாதங்களில் அந்தப் பிள்ளை தனியே என்ன செய்திருப்பான் என்று எண்ணிப் பாருங்கள்.

2010 இல், பத்தொன்பதாவது வயதில், வடக்குக் கடற்கரையிலுள்ள புலோன்-சூர்-மேர் கழகத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. முதலணியில் அல்ல, கீழ்நிலைப் பிரிவில் ஆடிய இரண்டாம் அணியில். அங்கே அவர் பயிற்சிக்குப் போய் வந்தது காலால் உந்திச் செலுத்தும் சிறு ஸ்கூட்டரில். உங்கள் கணவர் கேட்க வேண்டிய செய்தி அடுத்தது: ஆட்டத்தோடு ஆட்டமாக அவர் கணக்கியல் படித்துக்கொண்டிருந்தார். உதைபந்தாட்டம் கைகொடுக்காவிட்டால் ஒரு தொழில் வேண்டும் என்பதற்காகவே படித்தார். எல்லாக் கதவும் மூடியிருந்த காலத்தில் கான்டே படிப்பை விடவில்லை. உங்கள் மகன் படிப்பை விடுவதற்குக் கான்டேயைச் சாட்சிக்கு அழைக்கிறான். அந்தச் சாட்சி அவனுக்கு எதிராகத்தான் பேசும்.

புலோனின் முதலணியில் அவர் முதன்முதலாகக் களமிறங்கியது 2012 மே மாதத்தில், மொனாக்கோவுக்கு எதிரான ஆட்டத்தில், அதுவும் மாற்று வீரராகச் சில நிமிடங்களே. அப்போது வயது 21. அந்தப் பருவத்தோடு கழகம் இரண்டாம் பிரிவிலிருந்து மூன்றாம் பிரிவுக்கு இறங்கியது. கழகத்துக்கு அது இழப்பு, ஆனால் அந்த இறக்கம்தான் கான்டேக்கு வழிவிட்டது என்று நான் நினைக்கிறேன். அடுத்த பருவத்தில், மூன்றாம் பிரிவில், அவர் 37 லீக் ஆட்டங்களில் ஆடினார். பெரிய கழகமொன்றின் வாங்கில் குந்தியிருந்து பெற முடியாத ஒன்றை, அதாவது ஒவ்வொரு கிழமையும் முழு ஆட்டம் ஆடும் பழக்கத்தை, அந்தச் சிறு கழகம் அவருக்குக் கொடுத்தது. 2013 இல் நோர்மண்டியிலுள்ள கான் நகரக் கழகம் அவரை எடுத்தது. இரண்டாம் பிரிவில் 38 ஆட்டங்களிலும் ஆடினார். கழகம் முதற்பிரிவுக்கு உயர்ந்தது. அடுத்த பருவம் முதற்பிரிவில் 37 ஆட்டங்கள். பிரான்ஸின் முதற்பிரிவில் அவர் முதன்முதலாக ஆடிய 2014 இல் அவருக்கு வயது 23.

அவர் எப்படி ஆடினார் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவருடைய உயரத்தைப் பற்றிய கேள்விக்கு அவருடைய ஆட்டமே பதில் சொன்னது. மத்தியகளத்தில் பந்தைப் பறிப்பவன் என்றாலே முன்பெல்லாம் ஆளை மோதி வீழ்த்தும் பெரிய உடம்பைத்தான் நினைப்பார்கள். கான்டே மோதுவதில்லை. எதிரணி வீரர் பந்தை எந்தப் பக்கம் தள்ளப் போகிறார் என்பதை அரைக் கணம் முன்னதாக உணர்ந்து, சின்னச் சின்ன அடிகளாக ஓடிவந்து, பந்து எதிரியின் காலைவிட்டு ஒரு சாண் விலகும் தருணத்தில் கால்நுனியை நீட்டிப் பந்தைத் தட்டிவிடுவார். எதிரி திரும்பிப் பார்க்கும்போது அவர் பந்தோடு போய்க்கொண்டிருப்பார். குட்டையான கால்கள் விரைவாகத் திரும்பும். தாழ்ந்த உடம்பு தள்ளுமுள்ளில் சரியாது. எது குறையென்று கழித்தார்களோ அதையே அவர் ஆட்டத்தின் அடித்தளமாக்கிக்கொண்டார். அதற்கு அவருக்குத் தேவைப்பட்டது நேரமும், பிழைவிடக்கூடிய ஆட்டங்களும். இரண்டையும் கொடுத்தது சுரேனும் புலோனும் கானும்தான்.

2015 ஓகஸ்ட்டில் இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி கழகம் 5.6 மில்லியன் பவுணுக்கு அவரை வாங்கியது. அங்கும் உயரக் கேள்வி எழாமல் இல்லை. இந்தப் பையன் இங்கிலாந்து ஆட்டத்தைத் தாங்குவானா என்று பயிற்றுவிப்பாளர் கிளவுடியோ ரனியேரி தயங்கியதாகவும், வீரர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுப்பிலிருந்த ஸ்டீவ் வோல்ஷ் விடாமல் அவர் பெயரையே திரும்பத் திரும்பச் சொன்னதாகவும் பிற்பாடு இருவருமே கூறியிருக்கிறார்கள். அந்தப் பருவத்தில் கான்டே 175 தடவை எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்தார்; அந்த லீக்கில் வேறு யாரும் அத்தனை தடவை பறிக்கவில்லை. வென்றால் ஒன்றுக்கு ஐயாயிரம் தருவதாகப் பருவத் தொடக்கத்தில் பந்தயக்காரர்கள் அறிவித்திருந்த லெஸ்டர், இரண்டாமிடத்து ஆர்சனலைவிடப் பத்துப் புள்ளிகள் கூடுதலாக, 81 புள்ளிகளுடன் சம்பியனானது. அடுத்த வருடம் அவர் 32 மில்லியன் பவுணுக்கு லண்டன் கழகமான செல்சிக்குப் போனார். செல்சி சம்பியன், லெஸ்டர் பன்னிரண்டாமிடம். ஒரு மனிதர் இடம் மாறியதால் மட்டும் அப்படி நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இரண்டு அணிகளையும் பார்த்தவர்கள் அதை அடிக்கடி எண்ணிப் பார்த்தார்கள். 2017 இல் சக வீரர்களும் உதைபந்தாட்ட எழுத்தாளர்களும் இங்கிலாந்தின் சிறந்த வீரராக அவரையே தெரிந்தெடுத்தார்கள்.

பிரெஞ்சுத் தேசிய அணிக்கு அவர் வந்தது 2016 மார்ச்சில். ரஷ்யாவுக்கெதிராக முதற்பதினொருவரில் ஒருவராக ஆடி, தேசிய அணிக்கான முதல் கோலைப் போட்ட அன்று அவருக்கு 25ஆவது பிறந்தநாள். அதன் பிறகும் பாதை நேராக இருக்கவில்லை. அந்தக் கோடையில் சொந்த மண்ணில் நடந்த ஐரோப்பியக் கிண்ணத்தில் முதலாட்டத்திலிருந்து ஆடியவர், காலிறுதியில் தடை காரணமாக வெளியே இருந்தார். அதோடு தம் இடத்தையும் இழந்தார். போர்த்துக்கலிடம் தோற்ற இறுதியாட்டத்தில் அவர் களமிறக்கப்படவேயில்லை.

2018 உலகக்கிண்ணத்தின் ஏழு ஆட்டங்களிலும் அவர் தொடக்கத்திலிருந்து ஆடினார். அர்ஜென்டினாவை 4–3 என்று வென்ற ஆட்டத்தில் மெஸ்ஸியின் வழியை அடைத்து நின்ற அந்தச் சிறிய மனிதரைப் பற்றி, சக வீரர்கள் பாட்டே கட்டிப் பாடினார்கள். குரோவேஷியாவுடனான இறுதியாட்டத்தில் வயிற்றுக் கோளாறோடு இறங்கி, 55ஆவது நிமிடத்தில் வெளியே அழைக்கப்பட்டார். அன்று மொஸ்கோவில் அவரோடு கிண்ணத்தைத் தொட்டவர்களில் கிலியன் எம்பாப்பேயும் ஒருவர். எம்பாப்பே பாரிஸ் புறநகரான பொந்தியில் வளர்ந்து, கிளேர்ஃபோன்தேனில் பயின்று, பதினாறு வயதில் மொனாக்கோவின் முதலணியில் ஆடி, பத்தொன்பது வயதில் உலகச் சம்பியனானவர். அதே பத்தொன்பதாவது வயதில் கான்டே சுரேனின் ஊர்க் கழகத்தில் இருந்தார். இருவரும் பாரிஸ் புறநகர்ப் பிள்ளைகள். ஒருவர் வந்தது முறை வகுத்த வழியில், மற்றவர் வந்தது அதற்கு வெளியே. உங்கள் மகன் எம்பாப்பேயின் நாட்காட்டியை வைத்துக்கொண்டு கான்டேயின் வாழ்க்கையை எதிர்பார்க்கிறான். பதினைந்தில் தெரிவாகாததால் எல்லாம் முடிந்துவிட்டது என்று அவன் நினைப்பது அதனால்தான்.

பிந்திய வருடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2021 சம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் செல்சி மான்செஸ்டர் சிட்டியை 1–0 என்று வென்றபோது ஆட்ட நாயகன் அவர்தான். ரியல் மட்ரிட்டுக்கு எதிரான அரையிறுதியின் இரண்டு ஆட்டங்களிலும் அந்த விருது அவருக்கே கிடைத்திருந்தது. பிறகு தொடைத்தசைக் காயம் வந்து, அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியதாகி, 2022 உலகக்கிண்ணத்தைத் தவறவிட்டார். 2023 இல் சவூதி அரேபியாவின் அல் இத்திஹாத் கழகத்துக்குப் போனபோது அவர் ஓய்வை நோக்கிப் போகிறார் என்றே பலரும் எழுதினார்கள். ஆனால் 2024 ஐரோப்பியக் கிண்ணத்துக்குப் பிரெஞ்சு அணியின் அன்றைய பயிற்றுவிப்பாளர் தெஷாம் அவரை மீண்டும் அழைத்தார். 33 வயதில், முதலிரண்டு ஆட்டங்களிலும் ஆட்ட நாயகன் விருது பெற்றார்.

பணம் வந்த பிறகும் அவர் நடந்துகொண்ட விதத்தை, உங்களிடம் யூரோ கேட்பவரை நினைத்தே இங்கே சேர்க்கிறேன். லெஸ்டரில் அவர் ஓட்டியது பழைய மினி கார். லண்டனுக்குப் போன பிறகும் அதையே ஓட்டினார். தமது உருவப்பட உரிமைக்கான பணத்தை வரி குறைந்த தீவொன்றிலுள்ள நிறுவனம் வழியாகப் பெறும் ஏற்பாட்டை மறுத்து, சாதாரணச் சம்பளமாகவே கேட்டார் என்று 2018 இல் ஐரோப்பியப் பத்திரிகைகள் எழுதின. அந்தக் குறுக்கு வழியை அவர் ஏற்கவில்லை.

சகோதரி, இவ்வளவையும் எழுதிவிட்டு ஒன்றை மறைத்தால் நான் உங்களுக்கு நேர்மையாக இருந்தவனாக மாட்டேன். கான்டேயோடு அதே வருடங்களில் அதே காரணத்துக்காகக் கழிக்கப்பட்ட மற்றப் பிள்ளைகளின் பெயர்கள் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவர்களில் மிகப் பெரும்பாலானோர் இன்று வேறு தொழில்களில் இருப்பார்கள். ஞாயிறு காலையில் ஊர் மைதானத்தில் ஆடுவார்கள். உங்கள் மகனும் அவர்களில் ஒருவனாகலாம்; அதற்கான வாய்ப்பே அதிகம். இதை அவனிடம் சொல்ல வேண்டும், ஆனால் தண்டனை போலச் சொல்லக் கூடாது. கான்டேயும் இதைத் தெரிந்தே கணக்கியல் படித்தார். தெரிந்தபடியே புலோனில் ஆடினார்.

ஆகவே யார் பக்கம் நிற்பது என்று கேட்டால், இரண்டு பேரிடமும் ஒவ்வொன்றை வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன். மகனிடமிருந்து படிப்பை வாங்குங்கள். பள்ளி இறுதித் தேர்வான பக்கலோரேயா வரை தடையில்லாமல் படிப்பது, அதற்குப் பிறகு அவன் விரும்பும் தொழிற்கல்வி ஒன்றில் சேர்வது என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். வீட்டில் பேசும்போது "கான்டே செய்ததைத்தான் உன்னிடமும் கேட்கிறோம்" என்று சொல்லுங்கள், அவனால் மறுக்க முடியாது. கணவரிடமிருந்து விளையாட்டை வாங்குங்கள். கிழமைக்கு மூன்று மாலைப் பயிற்சியும் ஓர் ஆட்டமும் ஒரு பிள்ளையின் படிப்பைக் கெடுப்பதில்லை. அதை நிறுத்தினால், அவன் மிச்சமாகும் அந்த மாலைகளில் புத்தகத்தைத் திறப்பான் என்பதற்கு என்ன உறுதி இருக்கிறது? மனம் கசந்த பிள்ளைக்கு இப்போது மைதானம்தான் பிடிமானம். அதையும் பறித்துவிட்டு அவனிடம் புள்ளிகளைக் கேட்க முடியாது.

அவனை ஊர்க் கழகத்திலேயே இருக்க விடுங்கள். இப்போதைக்கு அவனுக்குத் தேவை பெரிய பெயரல்ல, ஒவ்வொரு கிழமையும் ஆடக் கிடைப்பது. அவனுடைய பயிற்றுவிப்பாளரை நீங்கள் இருவரும் ஒரு தடவை நேரில் சந்தித்து, உயரத்தைத் தவிர வேறு எதில் அவன் வளர வேண்டும் என்று கேளுங்கள். பலவீனமான காலா, தலையை நிமிர்த்திப் பார்க்கும் பழக்கமா, பந்தைப் பிடித்தவுடன் விடுவதா என்று அவர் சொல்வார். இரண்டு வருடங்களுக்கு அந்த ஒன்றோ இரண்டோ விடயங்களில் வேலை செய்யட்டும். பதினேழு, பதினெட்டு வயதில் பக்கத்து மாவட்டத்தில் ஒரு படி மேலான பிரிவில் ஆடும் கழகங்களை அவன் தன் காலிலேயே போய்ப் பார்க்கலாம். அதற்குப் பெல்ஜியமும் வேண்டாம், 3,000 யூரோவும் வேண்டாம்.

அவனுடைய அப்பா அவன் ஆடியதைக் கடைசியாக எப்போது பார்த்தார் என்று நீங்கள் எழுதவில்லை. இந்த ஞாயிறு அவரையும் மைதானத்துக்கு அழைத்துப் போங்கள். இருவரும் பந்தைப் பார்க்காதீர்கள். பந்து தன்னிடம் இல்லாத நேரத்தில் உங்கள் மகன் எங்கே நிற்கிறான், எந்தப் பக்கம் நகர்கிறான் என்பதை மட்டும் ஆட்டம் முழுவதும் கவனித்துவிட்டு, அவன் அப்பா என்ன சொன்னார் என்பதை எனக்கு எழுதுங்கள்.